ஒரு சாண் மண்

பாலைவனம் பார்க்க ராஜஸ்தான் வரைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற பஸ்ஸில் ஏறி, பாலாற்றைத் தாண்டி, மாமண்டூரில் இறங்கினால் போதும்.

"ஏரி இருக்கிற ஊரைப் போய்ப் பாலைவனம் என்கிறாயே!" என்று சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது ஏரியை அல்ல. ஏரிக்கரை வந்து முட்டுகிற பாறைக் குன்றை. பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கிற அதே குன்றுதான். அதன் சரிவில் ஏறிப் பாருங்கள். பாறை, பாறைக்கு நடுவே சரளை, சரளைக்கு நடுவே கொஞ்சம் செம்மண். கம்பியைக் குத்தினால் ஒரு சாண் இறங்குவதற்குள் 'டங்' என்று கல்லில் இடிக்கும். முள்ளுச்செடி, காய்ந்த புல். சித்திரை வெயிலில் நின்றால் கால் செருப்போடு வேகும்.

இந்த மாதிரி நிலத்துக்கு நம் ஊரில் பேருக்குப் பஞ்சமில்லை. கரடு, பொட்டல், முரம்பு, கல்லாங்குத்து. அரசாங்கப் பதிவேட்டிலும் பேர் உண்டு: தரிசு, புறம்போக்கு. தேசிய அளவில் 'தரிசு நில வரைபடம்' என்றே ஒன்றை மத்திய அரசு வெளியிடுகிறது. 2019இல் வந்த பதிப்பின்படி நாட்டில் சுமார் 5.57 கோடி ஹெக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் 17 சதவீதத்தை ஒட்டி, தரிசு. பாறை நிலமும் அதில் ஒரு வகை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாறைச் சரிவில் கிடக்கிற அந்த ஒரு சாண் மண்ணை 'தரிசு' என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது தப்புக் கணக்கு. நான் படிப்பது பி.காம். மண்ணியல் இல்லை. ஆனால் இது கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாயைத் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்த மண்ணுக்கு என்ன குணம்?

உலக மண் வகைப்பாட்டில் இதற்கு 'லெப்டோசால்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'லெப்டோஸ்' என்றால் மெல்லிசு. மேலிருந்து 25 செ.மீ.க்குள் தொடர்ச்சியான பாறை வந்துவிட்டால் அது லெப்டோசால். (ஒரு சாண் என்பது ஏறக்குறைய 22, 23 செ.மீ. நம் முன்னோர் அளவுகோல் சரியாகத்தான் பொருந்துகிறது!) உலகம் முழுக்க சுமார் 165 கோடி ஹெக்டேர் இப்படிப்பட்ட மண் என்று ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் சொல்கிறது. உலகத்திலேயே அதிகப் பரப்பில் இருக்கிற மண் வகை இதுதானாம். பாலைவன மலைச்சரிவுகளில் பெரும்பாலும் இதுதான். நம்மைப் போன்ற மழை பெய்கிற ஊர்களின் கரடுகளிலும் இதுதான்.

இதன் குணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால்:

ஒன்று, ஆழம் இல்லை. வேர் போக இடமில்லை. பாறை வெடித்த இடுக்கு கிடைத்தால் வேர் உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் பாய் விரித்த மாதிரி பக்கவாட்டில் ஓடும்.

இரண்டு, கல் அதிகம். அள்ளினால் கைப்பிடியில் பாதி சரளை. கல் தண்ணீரைப் பிடித்து வைக்காது.

மூன்று, சரிவு. பெய்கிற மழை உள்ளே இறங்குவதற்குள் கீழே ஓடிவிடும். ஓடும்போது பொடி மண்ணையும் சேர்த்துக்கொண்டு போகும். அதனால்தான் மேலே கல்லும் சரளையும் மட்டும் மிஞ்சுகின்றன. மேலே கிடக்கிற அந்தச் சரளைக்கும் ஒரு வேலை இருக்கிறது. மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் தடுப்பதும், அடியில் இருக்கிற ஈரம் சட்டென்று ஆவியாகாமல் மூடி வைப்பதும் அதுதான்.

நான்கு, மக்கு குறைவு. இலைதழை விழுந்தாலும் வெயிலில் காய்ந்து காற்றில் பறந்துவிடும். அல்லது யாராவது கோடையில் புல்லுக்குத் தீ வைத்துவிடுவார்கள்.

ஐந்து, இந்த மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மொட்டைப் பாறைக்குப் பக்கத்திலேயே ஒரு குழியில் முழங்கால் ஆழத்துக்கு மண் சேர்ந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு உசிலை மரமோ களாச் செடியோ பச்சையாக நிற்கும். நாலடி தள்ளி ஒன்றும் இருக்காது.

சம்பளம் பெரிசு, பர்ஸ் சிறிசு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. துல்லியமானதில்லை, தோராயம்தான்.

20 செ.மீ. மண் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் கல். மிச்சம் 12 செ.மீ. மண். இந்த மாதிரி மணல் கலந்த மண்ணில் செடிக்குப் பயன்படுகிற தண்ணீர் பத்தில் ஒரு பங்கு நிற்கும் என்றால், மொத்தம் 12 மி.மீ. நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. போய்விடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை நாளில் கையிருப்பு காலி. அதே வெயிலில் ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல வயல் மண் 150 மி.மீ. பிடித்து வைத்தால், ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும்.

காஞ்சிபுரம் பக்கம் வருஷத்துக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. ஜெய்சால்மரில் ஏறக்குறைய 200 மி.மீ. ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் நம் குன்றுச் சரிவில் முளைக்கிற விதைக்கு அந்த ஐந்து மடங்கால் பெரிய லாபம் இல்லை. நூறு மி.மீ. மழை ஒரே நாளில் கொட்டினாலும் அதற்குக் கிடைப்பது 12 மி.மீ.தான். மழை நின்ற மூன்றாம் நாள் அது பாலைவனத்துச் செடி. சம்பளம் லட்சத்தில் வந்தாலும் நூறு ரூபாய் மட்டுமே கொள்ளும் பர்ஸ் வைத்திருக்கிறவன் கதை இது.

மழை குறைவதால் மட்டும் பாலை உண்டாவதில்லை. மழையைப் பிடித்து வைக்க மண் இல்லாவிட்டாலும் உண்டாகும். நம் சங்க இலக்கிய மரபில் பாலைக்குத் தனி நிலம் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு தம் இயல்பு கெட்டுப்போனால் அதுதான் பாலை என்பது சிலப்பதிகாரம் சொல்கிற கருத்து. பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன விஷயம். ஆனால் மண்ணியல் பார்வையில் யோசித்தால் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்! மலையும் காடும் மண்ணை இழந்தால் பாலை.

மெல்லிசு என்றால் மதிப்பு இல்லையா?

இதைக் காஞ்சிபுரத்துக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். பட்டுப்புடவை ஜரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி, வெள்ளியின் மேல் தங்க முலாம். எடையில் தங்கம் ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதற்காக யாராவது ஜரிகையைச் சுரண்டிப் போட்டுவிட்டு "மெல்லிசாத்தானே இருந்தது" என்று சொல்வார்களா? மெல்லிசாக இருப்பதால்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குன்றின் மேல் இருக்கிற மண்ணும் அப்படித்தான்.

இந்த மண் எப்படி உண்டாகிறது? பாறை வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிக்கிறது. பாறையின் மேல் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு வளர்கிற லைக்கன்கள் (நம் சமையல் கட்டில் இருக்கிற கல்பாசியும் இந்த இனம்தான்) அமிலம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை அரிக்கின்றன. அந்தப் பொடியில் ஒரு புல். புல் மக்கிக் கொஞ்சம் மண். அதில் ஒரு செடி. இரண்டு மூன்று செ.மீ. மண் உண்டாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் சொல்கிறது. மகேந்திரவர்மன் காலத்திலிருந்து இன்றைக்கு 1,400 ஆண்டு. அந்த வேகத்தில் பார்த்தால், அவன் காலத்துக்குப் பிறகு உண்டான மண் மூன்று நாலு செ.மீ.தான். ஒரு சாண் சேர ஏழாயிரம், பத்தாயிரம் ஆண்டு ஆகிவிடும்.

அதை அள்ளிப் போட ஜே.சி.பி.க்கு ஒரு காலை நேரம் போதும்.

கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம்?

உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் போனவர்களுக்குக் கல்குவாரிகளைத் தெரியும். நம் வட்டாரத்து ஜல்லிக்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்கிற பாறை. அந்தப் பெயருக்கே நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் பல்லவரம் வட்டாரத்துக் கல் வகை என்று கண்டுபிடித்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தப் பாறைக்கு இந்தப் பெயரை வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டு வயதான பாறை. இன்றைக்கு அது ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியில் போகிறது.

குவாரிக்காரர்கள் பாஷையில் கல்லுக்கு மேலே இருக்கிற மண்ணுக்கு 'ஓவர்பர்டன்' என்று பெயர். அதாவது மேல்சுமை. ஏழாயிரம் ஆண்டு சேமிப்புக்கு வைத்த பேர் சுமை!

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வருகிறது. பிளஸ் டூ கணக்குப்பதிவியலிலேயே முதலின வரவு வேறு, வருவாயின வரவு வேறு என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டு வருகிற பணம் வருமானம். வீட்டையே விற்று வருகிற பணம் வருமானம் இல்லை, சொத்து கை மாறிய விலை. அதைச் சாப்பாட்டுச் செலவுக்கு எடுத்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். சுரங்கம், குவாரி போன்றவற்றைக் கரையும் சொத்து என்று பாடத்தில் படிக்கிறோம். தோண்டத் தோண்டக் குறையும், திரும்ப வராது.

2024 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமத்துக்குக் கட்டுகிற ராயல்டி வரி அல்ல, ஒப்பந்தத்தின்படி கொடுக்கிற கட்டணம் என்று 8-1 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் கனிம உரிமைக்கு வரி போடலாமா என்ற வழக்கு அது. என்னைப் போன்ற காமர்ஸ் மாணவனுக்கு அதில் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. ராயல்டி வரி இல்லை என்றால், நாம் எதையோ கொடுத்துவிட்டுத்தான் அதை வாங்குகிறோம். கொடுத்தது என்ன என்று எழுதி வைத்திருக்கிறோமா? கல்லுக்கு எழுதியிருக்கிறோம், டன் கணக்கில். கல்லோடு சேர்ந்து போன மண்ணுக்கு? மண் பிடித்து வைத்த தண்ணீருக்கு? அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது.

"அப்போ வீடே கட்டக் கூடாதா? நீ இருக்கிற காலேஜ் கட்டிடம் எதில் கட்டினது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜல்லி வேண்டும். குவாரியை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. எல்லாக் குவாரியையும் இழுத்து மூடு என்று நான் சொல்லவில்லை. விற்கிற பொருளுக்கு முழு விலை போடு என்கிறேன். குவாரிகளுக்குக் கொடுக்கிற சுற்றுச்சூழல் அனுமதிகளில் மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம்தான். அது நடந்ததா என்று அளந்து, கணக்கோடு சேர்த்து வெளியிட்டால் என்ன?

உயரத்தை அளந்தால் போதுமா?

நிஜமான பாலைவனத்து மலைக்கே இந்தச் சிக்கல் வந்தது. ஆரவல்லி மலைத்தொடரின் மேற்குப் பக்கம் தார் பாலைவனம். ஆரவல்லியின் சரிவுகளில் பல இடங்களில் நான் மேலே சொன்ன அதே மெல்லிசான கல் மண்தான். 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றியுள்ள தரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ளதே ஆரவல்லிக் குன்று என்ற ஒரு வரையறையை ஏற்றது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 29 அன்று அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது.

எனக்குத் தோன்றுவது: குன்றின் வேலை அதன் உயரத்தில் இல்லை. நம் மாமண்டூர்க் குன்றை 100 மீட்டர் அளவுகோலில் வைத்தால் தேறாது. ஆனால் அது ஏரிக்கரையைத் தாங்குகிறது, மழைத்தண்ணீரை ஏரிக்குத் தள்ளுகிறது.

ஏரி என்றதும் இன்னொரு கணக்கு ஞாபகம் வருகிறது. குன்றிலிருந்து கரைந்த மண் எங்கே போகும்? கீழே இருக்கிற ஏரிக்குத்தான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு வேண்டும் என்கிற அளவுக்கு அது பெரிய வேலை. இன்றைக்கும் கோடிக்கணக்கில் செலவு செய்து தூர் வாருகிறோம். மேலே புல்லும் புதரும் இருந்து மண்ணைப் பிடித்திருந்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி மிச்சம். குன்றின் பற்றுதான் ஏரியின் செலவில் வந்து உட்காருகிறது.

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி மக்கள் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஏழு குன்றுகள் இருக்கிற அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்திலேயே முதல். வெளியிலிருந்து பார்த்தால் மொட்டைப் பாறை. உள்ளே சுனைகள், கழுகுகள், வல்லூறுகள், சமணக் குகை, குடைவரைக் கோயில். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது தெரிந்ததும் ஊர் ஊராகத் திரண்டார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மொட்டைப் பாறை சும்மா கிடக்கவில்லை என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சாட்சி.

உயிர் போகிற விஷயம்

இதுவரை சொன்னது மெதுவாக நடக்கிற நஷ்டம். ஒரே நாளில் நடக்கிற நஷ்டமும் உண்டு.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்!

பாறை மேல் மெல்லிசாகப் படிந்த மண்ணுக்கு இப்படியும் ஒரு குணம். அடைமழை பெய்து மண் முழுக்க ஊறினால், அதற்குக் கீழே தண்ணீர் இறங்க வழி இல்லை. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் சேர்ந்து, மண்ணின் பிடி விட்டுப்போகும். மண் நகர்ந்தால் அதில் புதைந்து நிற்கிற உருண்டைப் பாறைகளும் நகரும். சரிவை வெட்டி வீடோ பாதையோ போட்டிருந்தால் அடியில் முட்டுக்கொடுக்கவும் ஒன்றுமில்லை. திருவண்ணாமலை மலையில் 1980களின் கடைசியிலிருந்து தன்னார்வலர்கள் பல வருஷம் பாடுபட்டு மரம் நட்டிருக்கிறார்கள், தீயை அணைத்திருக்கிறார்கள். மொட்டையாக இருந்த மலை இன்று பல பக்கம் பச்சையாக இருக்கிறது. அவ்வளவு செய்தும், அடிவாரச் சரிவில் வீடு கட்ட விட்டால், மலை மேல் செய்த நல்லது அந்த வீட்டைக் காப்பாற்றாது.

வசதியானவன் சரிவில் குடியிருக்க மாட்டான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சமதளத்தில் மனை வாங்க முடியாதவர்கள்தான் மலையடிவாரப் புறம்போக்கில் குடிசை போடுகிறார்கள். 'தரிசு, யாருக்கும் வேண்டாத இடம்' என்று பதிவேடு சொல்கிறது. அதை நம்பிப் போகிறவர்கள் ஏழைகள்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று விஷயங்கள் மட்டும்.

முதலாவது, பதிவேட்டில் 'பாறை, தரிசு' என்று ஒரு வரியில் முடிக்காமல், சரிவு எவ்வளவு, மண் ஆழம் எவ்வளவு, கீழே எந்த ஏரி, எந்தக் குடியிருப்பு என்று நாலு பத்தி சேர்க்க வேண்டும். குவாரிக்கு ஏலம் விடுவதற்கு முன்னாலும், பட்டா கொடுப்பதற்கு முன்னாலும் அந்த நாலு பத்தியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மரம் நடுகிற ஆர்வத்தில் இந்த மண்ணைக் கெடுக்கக் கூடாது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. ஆனால் ஒரு சாண் மண்ணில் மூன்றடிக் குழி எடுக்க முடியாது. எடுத்தால் இருக்கிற மண்ணும் கலைந்து முதல் மழையில் போய்விடும். இங்கே முதலில் செய்ய வேண்டியது தீ வைப்பதைத் தடுப்பது, சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போடுவது, கொழுக்கட்டைப் புல் மாதிரி நம் மண்ணுப் புல்லைப் பிடிக்க விடுவது. மண் சேர்கிற குழிகளில் மட்டும் உசிலை, களா என்று வைக்கலாம். குன்று முழுக்க மரமாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புல்லும் முள்ளும் அங்கே உரிமையோடு இருப்பவை.

மூன்றாவது, குவாரி வருமானத்தில் ஒரு பங்கையாவது செலவழிக்காமல் நிரந்தர நிதியாக வைக்க வேண்டும். இது என் கற்பனை இல்லை. கோவா இரும்புத்தாது வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், தாது விற்ற பணத்தில் 10 சதவீதத்தை அடுத்த தலைமுறைக்காக நிரந்தர நிதியில் போடச் சொன்னது. இரும்புக்குப் பொருந்துகிற நியாயம் ஜல்லிக்குப் பொருந்தாதா?

நம் வகுப்பில் நாளைக்கு யாரோ ஒருவர் வங்கியில் குவாரிக்கான கடன் மனுவைப் பார்ப்பார். இன்னொருவர் ஆடிட்டர் ஆபீஸில் அதே குவாரியின் பேலன்ஸ் ஷீட்டில் டிக் அடிப்பார். ஒருவேளை யாராவது ஒருவர் குரூப் தேர்வு எழுதித் தாலுகா ஆபீஸில் அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். 'தரிசு' என்ற வார்த்தை அன்று உங்கள் கண்ணில் படும். அந்த வரிக்குப் பக்கத்தில் மண் எத்தனை சாண் என்று கேளுங்கள். பதில் எழுதியிருக்காது. எழுத வையுங்கள்.